தொட்டியில் உப்பு, தேக்கத்தில் உப்பு

பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அக்காள் மகள், போன பருவத்தில் ஒரு நாள் மாலை, தன் பயிற்சித்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான அறிமுகப் பாடத்தில் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும் கணக்கு அது. 100 லிட்டர் தொட்டி ஒன்றில் 3.5 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. நிமிடத்திற்கு 10 லிட்டர் நன்னீர் உள்ளே வருகிறது. நன்றாகக் கலந்த நீர் அதே வேகத்தில் வெளியேறுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியில் எவ்வளவு உப்பு மிஞ்சும்? "மாமா, எந்த ஊர்ல இப்படித் தொட்டியில உப்பக் கரைச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்து பார்ப்பாங்க?" என்றாள். நம் ஊரில்தான் என்றேன்.

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டு 2008-இல் திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலமுள்ள மரினா கால்வாயின் குறுக்கே எழுந்த அந்தத் தடுப்பு, அதுவரை கடலோடு கலந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்த நீர்ப்பரப்பைக் கடலிலிருந்து பிரித்தது. உள்ளே நின்றுவிட்டது உப்புநீர். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் கேலாங் ஆறும் கொண்டுவரும் மழைநீர், அந்த உப்பைச் சிறிது சிறிதாகக் கடலுக்குத் தள்ளிவிடும் என்று விட்டார்கள். தேக்கா வட்டாரத்தில் பெய்யும் மழையும் ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் போய்ச் சேருகிறது. 2010 நவம்பரில் அது நாட்டின் 15-ஆவது நீர்த்தேக்கமாக, நன்னீர்த் தேக்கமாகச் செயல்படத் தொடங்கியது. பயிற்சித்தாளின் தொட்டிக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

இங்கே கணிதத்தை ஆங்கிலத்தில் படிப்பதால், வகைக்கெழுச் சமன்பாடு என்ற சொல்லே நம் பிள்ளைகளுக்குப் புதிது; டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன் என்றால்தான் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதப் பாடத்திலேயே அது தலைகாட்டிவிடுகிறது என்றாலும், பல்கலைக்கழகத்தில்தான் ஒரு முழுப் பாடமாக விரிகிறது. பள்ளியில் பழகிய சமன்பாட்டில் கண்டுபிடிக்க வேண்டியது ஓர் எண். இதிலோ கண்டுபிடிக்க வேண்டியது ஒரு சார்பு, அதாவது காலம் செல்லச் செல்ல ஓர் அளவு எப்படி மாறுகிறது என்ற முழுக் கதை. நமக்குக் கொடுக்கப்படுவது அந்தக் கதையன்று. ஒவ்வொரு கணத்திலும் மாற்றம் எந்த விதிப்படி நடக்கிறது என்பது மட்டுமே.

தொட்டியின் விதியை எழுத இரண்டு வரி போதும். உள்ளே வருவது நன்னீர் என்பதால் உப்பு கூடுவதில்லை. வெளியேறும் ஒவ்வொரு லிட்டரும் அந்தக் கணத்தில் தொட்டியில் இருக்கும் உப்பில் நூறில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறது. நிமிடத்திற்குப் பத்து லிட்டர் வெளியேறுவதால், உப்பு குறையும் வீதம் நிமிடத்திற்கு, இருக்கும் உப்பில் பத்தில் ஒரு பங்கு. இருப்பு குறையக் குறைய, குறையும் வேகமும் குறைகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதுவதுதான் பாடத்தின் கடினமான பகுதி என்பது என் கருத்து. மாணவர்கள் பலரும் தீர்க்கும் உத்திகளை மனப்பாடம் செய்வதிலேயே பருவத்தைக் கழித்துவிட்டு, தேர்வில் ஒரு பத்தி முழுக்கச் சொற்களாலான கணக்கு வந்தால் திகைத்து நிற்கிறார்கள்.

தீர்ப்பது அவ்வளவு பெரிய காரியமன்று. உப்பு சம்பந்தப்பட்டவற்றை ஒரு பக்கமும் காலத்தை மறுபக்கமும் ஒதுக்கிவிட்டு இரு பக்கமும் தொகையிட்டால், இடப்பக்கத்தில் மடக்கை வருகிறது; அதை அவிழ்த்தால் அடுக்குக்குறிச் சார்பு, அதாவது சம இடைவெளிதோறும் ஒரே விகிதத்தில் மாறும் சார்பு, வெளிப்படுகிறது. தொகையிடும்போது ஒரு மாறிலி ஒட்டிக்கொள்ளும். அதை எழுத மறந்து மதிப்பெண் இழக்காத மாணவர் அரிது, ஆனால் அது வெறும் சடங்கு இல்லை. விதி ஒன்றேயானாலும், அதற்கு உட்பட்டு நடக்கக்கூடிய கதைகள் எண்ணற்றவை, 3.5 கிலோவில் தொடங்கிய தொட்டிக்கும் 1 கிலோவில் தொடங்கிய தொட்டிக்கும் ஒரே சமன்பாடுதான். எந்தத் தொட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அந்த மாறிலிதான் சொல்கிறது. தொடக்க நிபந்தனையைப் புகுத்தியதும் அதன் மதிப்பு கிடைத்துவிடும். நம் கணக்கில் ஒரு மணி நேரம் கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 8.7 கிராம்.

மரினாவில் நன்னீர் ஒரே சீராக வருவதில்லை. தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், தீவின் ஆறில் ஒரு பங்கு. ஆண்டு மழை சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், அந்தப் பரப்பில் விழும் நீர் சுமார் 21 கோடி கன மீட்டர். அதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் இறங்கும். மிஞ்சுவதும் டிசம்பரில் கொட்டும், பிப்ரவரியில் வறளும். இப்படி நாளுக்கு நாள் மாறும் வரத்தை வைத்து எப்படிச் சமன்பாடு எழுதுவது?

கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் போதும். காலத்தை நாளாலும் மாதத்தாலும் அளக்காமல், தேக்கத்தின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு நீர் இதுவரை வெளியேறியிருக்கிறது என்று அளந்தால், மழையின் ஏற்ற இறக்கம் அத்தனையும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒரு கொள்ளளவு நீர் ஒரே புயலில் போனாலும் சரி, ஆறு மாதத் தூறலில் போனாலும் சரி, உப்பு குறையும் பங்கு ஒன்றேதான். மாறியை மாற்றுதல் என்று பாடத்தில் உலர்ந்த தலைப்பில் வரும் உத்தி இது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஒரு கொள்ளளவு நீர் கடந்தபின் அது 12.9 கிராமாகும், இரண்டு கடந்தால் 4.7 கிராம், ஐந்து கடந்தால் 0.24 கிராம். முதல் கொள்ளளவு 22 கிராமை அடித்துச் செல்கிறது. ஐந்தாவது கொள்ளளவால் 0.4 கிராமைத்தான் எடுக்க முடிகிறது. கழுவக் கழுவப் பயன் குறைவதை, அரிசி களைந்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

இத்தனையும் 'நன்றாகக் கலந்த' என்ற இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அளவுக்குக் கனமானது. கலக்காமல் விட்டால் அது அடியில் தங்கும், மழைநீர் மேலே மிதக்கும். அப்படிப் பிரிந்து நிற்கும் தேக்கத்தின் மேல்மட்ட நீரை மட்டும் வெளியேற்றினால், வந்த நன்னீரே திரும்பப் போய்விடும்; உப்பு, சமன்பாடு சொல்வதைவிட மெதுவாகத்தான் குறையும். அடியிலிருந்து வெளியேற்றினாலோ இன்னும் வேகமாகக் குறையும். பயிற்சித்தாளில் அந்த இரண்டு சொற்களை யாரும் நின்று படிப்பதில்லை.

காப்பிக்கடையில் ஆறும் தேநீருக்கும் இதே சமன்பாடுதான். நியூட்டன் 1701-இல் வெளியிட்ட குளிர்தல் விதிப்படி, வெப்பநிலை குறையும் வீதம், தேநீருக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப அமைகிறது. 30 பாகையில் இருக்கும் கடையில் 80 பாகைத் தேநீர் பத்து நிமிடத்தில் 55 ஆனால், அடுத்த பத்து நிமிடத்தில் 42.5 ஆகும். தேத்தாரிக் தேநீரை உயரத் தூக்கி இழுத்து ஆற்றுபவர் விதியை மாற்றுவதில்லை. அதிலுள்ள மாறிலியைப் பெரிதாக்குகிறார்.

பருவத்தின் நடுவில் இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள் வரும்போது வகுப்பில் ஓர் அயர்ச்சி தெரியும். மாற்றத்தின் வீதத்தோடு, அந்த வீதமே மாறும் வீதமும் இப்போது சேர்ந்துகொள்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும் பேருந்தை எடுத்துக்கொள்ளலாம். சுருள்வில் உடலை மேலே தள்ளுகிறது; அதிர்வுத் தணிப்பான் வேகத்தை எதிர்க்கிறது; இரண்டும் சேர்ந்து முடுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. இதைத் தீர்க்க விரிவுரையாளர் விடையை ஊகிக்கச் சொல்வார்: அடுக்குக்குறிச் சார்பு ஒன்றை வைத்துப் பாருங்கள் என்பார். ஏமாற்று வேலை போலத் தோன்றும் இந்த ஊகத்திற்குக் காரணம் உண்டு. எத்தனை முறை வகையிட்டாலும் தன் உருவம் மாறாமல், ஒரு மாறிலியால் மட்டும் பெருக்கப்பட்டுத் திரும்பிவருவது அந்தச் சார்புதான். அதனால் அது எல்லா உறுப்புகளிலும் பொதுவாக நின்று நீங்கிவிட, மிஞ்சுவது உயர்நிலைப்பள்ளியில் தீர்த்த இருபடிச் சமன்பாடு. அதன் மூலங்கள் மெய்யெண்களானால், கதவைத் தானாக மூடும் கருவி போல, அசைவு ஆடாமல் அடங்கும்; கலப்பெண்களானால் ஆடி ஆடி அடங்கும். தணிப்பான் தேய்ந்த பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டாவது வகை நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் டக்கோமா நாரோஸ் பாலத்தைப் பற்றிச் சொல்லாத ஆசிரியர் குறைவு. 1940 ஜூலையில் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கி ஆடி விழுந்தது. காற்றின் தாளமும் பாலத்தின் தாளமும் ஒத்துப்போன ஒத்ததிர்வு என்றே பல பாடநூல்கள் எழுதிவந்தன. உண்மையில் அன்று வீசியது பெருமளவு சீரான காற்று. பாலம் முறுக்கிக்கொண்டபோது காற்று அதன்மேல் பட்ட விதமே மாறி, அந்த முறுக்கலுக்கு மேலும் ஆற்றலைக் கொடுத்தது. சமன்பாட்டின் மொழியில் சொன்னால், வேகத்தை எதிர்க்க வேண்டிய தணிப்பு உறுப்பின் குறி மாறிவிட்டது. அடங்க வேண்டிய அடுக்குக்குறி வளரத் தொடங்கியது. வெளியிலிருந்து தாளம் எதுவும் தேவைப்படவில்லை.

தாளில் தீர்க்க இயலும் சமன்பாடுகள் மிகக் குறைவு என்ற செய்தி பருவத்தின் கடைசியில்தான் மாணவருக்குச் சொல்லப்படுகிறது. முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். தீர்க்க முடியாதவற்றுக்குக் கணித அறிஞர் ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த எளிய வழி ஒன்று உண்டு. இந்தக் கணத்தின் வீதத்தைக் கணக்கிடு. சிறிது நேரத்திற்கு அது மாறாது என்று வைத்துக்கொண்டு ஒரு படி முன்னேறு. புதிய இடத்தில் மறுபடி கணக்கிடு. கணினி அலுப்பில்லாமல் இதைச் செய்யும்.

அக்காள் மகள் அதே தொட்டிக் கணக்கை இந்த வழியில் நிரலாக எழுதினாள். படியின் நீளம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாள். இரண்டே படியில் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம். சிறிது நேரத்தில் அழைத்து, "மாமா, தொட்டியில மைனஸ் ஏழு கிலோ உப்பு இருக்கு, அடுத்த படியில பதினாலு கிலோ ஆயிடுது" என்றாள். நிரலில் பிழையில்லை. முதல் கணத்தின் செறிவை அரை மணி நேரம் முழுவதற்கும் நீட்டியதால், வெளியேறும் 300 லிட்டரும் லிட்டருக்கு 35 கிராம் வீதம் பத்தரைக் கிலோ உப்பைக் கொண்டுபோனதாகக் கணினி எண்ணிக்கொண்டது. தொட்டியில் இருந்ததோ மூன்றரைக் கிலோ. படியை ஒரு நிமிடமாகக் குறைத்தபோது ஒரு மணி நேர முடிவில் 6.3 கிராம் வந்தது. ஆறு விநாடியாக்கினாள், 8.4 வந்தது.