மீன்தொட்டி மருந்தைக் குடிக்காதீர்கள்

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. மார்புப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கீமோவுக்குப் போய்வந்துகொண்டிருந்த அம்மா ஒருவரை மகன் என் கிளினிக்குக்குத் தூக்கிவந்தார். காய்ச்சல், வியர்வை, கைகால் உதறல். நாக்கு நீலம்.

மெத்திலீன் ப்ளூ. மீன்தொட்டியில் விடும் நீலச் சாயம். மகன்தான் அலங்கார மீன் கடையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருக்கிறார். இது புற்றுநோயைக் கொல்லும் என்று வீடியோவில் பார்த்து நம்பி, இரண்டு கீமோவையும் தவறவிட்டிருக்கிறார்கள்.

"ஆபரேஷன்ல அம்மாவுக்கு ஊசி போட்டது இதானே டாக்டர்? லேபுல கேன்சர் செல்லு செத்துப்போச்சுன்னு வீடியோல காட்டுறாங்களே."

ஆபரேஷனில் போட்டது, நோய் முதலில் பரவக்கூடிய அக்குள் நெறிக்கட்டியை அடையாளம் காண. வழிகாட்டும் சாயம், அவ்வளவுதான்.

சரி, லேப் விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த செல்கள்மேல் சாயத்தை நேரே ஊற்றி 24 மணி, 48 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பல சோதனைகளில் சிவப்பு வெளிச்சமும் பாய்ச்சுகிறார்கள். அது பட்டால்தான் சாயத்துக்கு முழு வேகம். உடம்பின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அந்த வெளிச்சம் எட்டாது. தட்டில் கல்லீரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது. அதில் பினாயில் ஊற்றினாலும் புற்றுநோய்ச் செல் சாகும். நல்ல செல் பிழைக்கிறதா, குடித்தால் கட்டிவரை அந்த அளவு போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. தேவையான ஆராய்ச்சிதான், நான் மதிக்கிறேன். ஆனால் அது முதல் படி. எலியில் பார்த்து, மனிதரில் கட்டம் கட்டமாகப் பார்த்த பிறகுதான் மருந்து.

1876இல் துணிச்சாயமாக வந்த பொருள் இது. 1891லேயே ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் இதை மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்திமோகுளோபின் கூடி உடம்பு நீலம் பாரித்தவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் நரம்பில் மெதுவாக ஏற்றுகிறோம். அளவு மிஞ்சினால் அதே கோளாறை இதுவே உண்டாக்கும்.

அந்த அம்மா மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்ததில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. காய்ச்சலும் உதறலும் அதனால்தான். தென்காசிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். மீன்தொட்டி பாட்டில் மனிதருக்கான தரத்தில் செய்யப்பட்டதே அல்ல. தயவுசெய்து கீமோ தேதியைத் தவறவிடாதீர்கள். அப்புறம், ஏற்கெனவே குடித்திருந்தால் திட்டுவோம் என்று மறைக்க வேண்டாம். ரத்தத்தில் இந்தச் சாயம் இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிகூடத் தப்பாகக் காட்டும். பாட்டிலையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்.