மனநலச் சிகிச்சை: பெங்களூர்த் தமிழர்கள் கேட்டு வாங்க வேண்டியவை

டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். நாடு முழுவதற்கும் இதை வழிநடத்துவது நம் ஓசூர் ரோட்டில் இருக்கும் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். அப்படியிருந்தும் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு, அதில் தமிழிலேயே பேசலாம் என்பது தெரிவதில்லை. வயிற்றுவலி என்றால் அரைகுறைக் கன்னடத்தில் சொல்லிச் சமாளித்துவிடலாம். யாருமில்லாதபோது காதில் குரல் கேட்பதையும், விடிய விடியத் தூக்கமில்லாமல் பயந்து கிடப்பதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

கூப்பிட்டதும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். அவரால் முடியாத அளவுக்குப் பிரச்சினை இருந்தால் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது என்று சொல்வார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டில் இருக்கும் அம்மாவோ அண்ணனோ கூப்பிட்டு வழி கேட்கலாம்.

சரி, மருத்துவமனைக்குப் போனால் செலவு? 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அங்கே சிகிச்சை இலவசம். இதற்கு பி.பி.எல். கார்டு கையில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஊரில் ரேஷன் கார்டை விட்டுவிட்டு இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பலம்.

பலரைத் தடுப்பது செலவை விட பயம்தான். “கொண்டுபோய் விட்டால் அடைத்துப் போட்டுவிடுவார்கள்” என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, பழைய காலத்தில் அப்படி நடந்திருக்கிறது. இன்றைய சட்டத்தின்படி, சுயமாக முடிவெடுக்கக்கூடியவர் தானே விரும்பித்தான் அட்மிட் ஆக வேண்டும். வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே பார்த்துக்கொள்ள முடியாமல் போவது போன்ற நிலைகளில்தான் அவர் சார்பில் இன்னொருவர் கேட்டுச் சேர்க்கலாம். அப்போதும் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் தொழில்முறையாளரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்ப வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாளுக்குத்தான். மேலே நீட்டிக்க, இதே சட்டப்படி நோயாளிகளின் உரிமையைக் காக்க அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது, மயக்க மருந்து இல்லாமல் ஷாக் கொடுப்பதும் தடை.

அந்த ‘இன்னொருவர்’ யார் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதி வைக்கலாம். வெள்ளைத்தாளில் ஒருவரை நியமித்துக் கையெழுத்தோ கைரேகையோ போட்டால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவர் 18 வயது நிரம்பியவராக, சம்மதிப்பவராக இருக்க வேண்டும். கணவன் வீட்டாருடன் ஒத்துப்போகாத பெண்கள், உறவினர் அருகில் இல்லாமல் பி.ஜி.யில் தங்கி வேலை பார்ப்பவர்கள் எல்லாம் இதைக் கட்டாயம் செய்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

தற்கொலைக்கு முயன்றவரைக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய தண்டிக்க முடியாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது இதே சட்டம். பல பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், வெளிநோயாளிக் கவுன்சிலிங் சேராது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பீன்யா, பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை செய்யும் நம் பெண்கள் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கிறார்கள். அதில் மனநோய்க்கும் பலன் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். நோயால் வேலைக்குப் போக முடியாதபோது, சாதாரண நோய்க்கு 70 சதவீதச் சம்பளம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்), கடும் மனச்சோர்வு போன்றவை நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அவற்றுக்கு 80 சதவீதம், மொத்தம் 2 ஆண்டு வரை நீளலாம். ஒரே வேலையில் அல்ல, காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் தொடர்ந்து 2 ஆண்டு இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாளுக்குப் பங்களிப்பும் இருக்க வேண்டும். சான்றிதழ் இ.எஸ்.ஐ. மருத்துவர் வழியாக வர வேண்டும் என்பதால், வெளியே எங்கே காட்டினாலும் உங்கள் டிஸ்பென்சரியில் முதலில் பதியுங்கள். பெரிய சிகிச்சைக்கு ராஜாஜிநகர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வேறு இடத்தில் பார்த்திருந்தால் அங்குள்ள மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் அதே 2017 சட்டம் தரும் உரிமை.