வெயில் தேடி வேலையை விடும் முன்

விமானிகளுக்கு உடல்தகுதிப் பரிசோதனை (அவர்கள் மொழியில் "மெடிக்கல்") செய்யும் மருத்துவர் நான். போன மாதம் ஒரு காலை. காது பரிசோதனை அறையிலிருந்து டெக்னீஷியன் வேகமாக வந்தார். "டாக்டர், இவருக்கு ரெண்டு காதும் சுத்தமா கேட்கலை போலிருக்கு. ஒரு தடவை கூட பட்டனை அழுத்தலை." போய்ப் பார்த்தேன். ஒலி புகாத அந்தச் சின்னக் கூண்டுக்குள், காதில் ஹெட்ஃபோனுடன், கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடியே அந்த விமானி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மணி பத்தரை. கண்ணாடியைத் தட்டி எழுப்பினேன். விழித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அது எந்த ஊர் நேரம் என்று யோசிப்பது போல மறுபடியும் பார்த்தார்.

வயது 38. நெடுந்தூர விமானங்களில் துணை விமானி. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர் வீடு, அகலமான தாழ்வாரம், பின்னால் கடல்.

"இதுதான் டாக்டர் என்னோட கடைசி மெடிக்கல். ராஜினாமா லெட்டர் எழுதியாச்சு. குடும்பத்தோட இங்க போயிடப் போறோம். வருஷம் முழுக்க வெயில். அங்க போனா எல்லாம் சரியாயிடும்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடி. ஹோட்டல்ல. தூக்கமே வரலை, ராத்திரி மூணு மணி இருக்கும்…"

இந்த வருடத்தில் இதே கதையோடு என் எதிரே உட்கார்ந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பறப்பதை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான ஓர் ஊரில் அமைதியாக வாழ நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. அப்படிப் போய் நிறைவாக இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. எனக்கு ஆற்றாமை வருவது, அந்த முடிவை எந்த நிலையில் இருந்துகொண்டு எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான்.

"வெயில் ஊருக்குப் போனா சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எது சரியாகும்? திருப்பிக் கேட்டால் பதில் வராது. மூன்று தனித்தனிக் கஷ்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒன்று, பறக்கும் வேலையே பிடிக்காமல் போயிருக்கலாம். இரண்டு, வேலை பிடித்திருந்தும் ரோஸ்டர், அதாவது எப்போது எங்கே பறப்பது என்ற பணி அட்டவணை, ஆளை அரித்துக்கொண்டிருக்கலாம். மூன்று, வீடு இருக்கும் ஊரின் குளிரும் இருட்டும் மனதை அழுத்திக்கொண்டிருக்கலாம். முதலாவது என்றால் வேலையை மாற்றுங்கள். இரண்டாவது என்றால் ரோஸ்டரை மாற்றுங்கள். ஊரை மாற்றித் தீரக்கூடியது மூன்றாவது மட்டும்தான். அதுவும் பல நேரங்களில் ஊர் மாறாமலே தீரும்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு. இதை எத்தனை முறை சொல்வது! உடலுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு நேரம் சொல்வது கண்ணுக்குள் விழும் வெளிச்சம். தோலில் படும் சூட்டுக்கு அந்த வேலை இல்லை. பகல் மிகவும் சுருங்கிப்போகும் ஊர்களில், சிலருக்குக் குளிர்காலம்தோறும் மனச்சோர்வு வந்து வசந்தத்தில் விலகும். 1984-ல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். அதற்கான சிகிச்சைகளில் ஒன்று, காலையில் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்காருவது. மேசை மேல் வைக்கும் விளக்குதான். கண்ணில் நோய் இருப்பவர்களும் மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் நோய் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது; மற்றவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டை விற்கும் முன் ஒரு குளிர்காலம் அதை முயன்று பார்த்தால் என்ன?

சூடு தூக்கத்துக்கு உதவுமா என்றால், அதுவும் கிடையாது. தூக்கம் பிடிக்க வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். புழுக்கமான இரவு அதைத் தடுக்கும்.

உடனே ஒரு வாதம் வரும். "கடற்கரை ஊர்ல லேஓவர் கிடைச்சா மட்டும் நல்லா தூங்குறேனே டாக்டர்?" ஒரு பறப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெளியூர் ஹோட்டலில் தங்கும் அந்த இரண்டு நாளில் என்னென்ன இல்லை என்று எண்ணிப் பாருங்கள். அலாரம் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரம் இல்லை. கடன் தவணைப் பேச்சு இல்லை. ஜன்னலில் கனத்த திரை. சமைக்க, துவைக்க, பழுது பார்க்க எதுவும் இல்லை. கிடைத்தது ஓய்வு. அதற்கு வெயில் என்று பெயர் வைத்துக்கொண்டு திரும்புகிறீர்கள்.

1998-ல் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் குளிர் மிகுந்த நடுமேற்குப் பகுதி மாணவர்களையும் வெயில் மிகுந்த தெற்குக் கலிஃபோர்னியா மாணவர்களையும் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு பக்கத்தினருமே நினைத்தார்கள். ஆனால் தங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சொன்னபோது இரு பக்கத்துத் திருப்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது வானிலைதான் பெரிதாகத் தெரியும். அங்கே குடியேறிய பிறகு வேலை, உறவு, பணம், உடம்பு எல்லாம் முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது களைப்பு. விமானிகளுக்கு நான் இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் உடல் கடிகாரம் நகரும் என்பதும், அது நகர்ந்து முடிவதற்குள் திரும்பும் விமானம் ஏறிவிடுகிறீர்கள் என்பதும் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: களைத்தவருக்குத் தன் களைப்பின் அளவு தெரியாது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. ஆனால் தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் விமானத்தை இறக்கும்போது எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறீர்கள்! ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறீர்கள். வாழ்க்கையையே திருப்பிப் போடும் கடிதத்தை மட்டும் அதே நேரத்தில், ஹோட்டல் கட்டிலில், தனியாக உட்கார்ந்து எழுதுவது என்ன நியாயம்?

இன்னொன்று. அந்த நான்கு பேரில் ஒருவர் கேபின் க்ரூ. "எப்பவும் குளிருது டாக்டர், வெயில் இருக்கிற ஊருக்குப் போகணும்" என்றார். நல்ல வெயில் நாளிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, எதிலும் நாட்டமில்லை. ரத்தம் எடுத்தோம். தைராய்டு வேலை செய்வது வெகுவாகக் குறைந்திருந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் ஸ்வெட்டர் போய்விட்டது. வெயில் ஆசையும் போய்விட்டது. ரத்தசோகையிலும் இப்படிக் குளிரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய் இருந்தால், எத்தனை மணி நேரம் படுத்தாலும் களைப்பு போகாது. அதற்கும் சிகிச்சை உண்டு, சரியானபின் பறக்கலாம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை, தூக்கப் பரிசோதனை. வீடு பார்ப்பது அதற்குப் பிறகு.

"லைசென்ஸ் கையில இருக்கு, பிடிக்கலைன்னா திரும்பி வந்துடுவேன்" என்பவர்களுக்குச் சுருக்கமாக. லைசென்ஸ் அட்டை அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதை உயிரோடு வைத்திருப்பவை ஒவ்வொன்றாக உதிரும். பயணிகளோடு பறக்க, கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது விமானத்தை மேலே ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். விமான நிறுவன விமானிக்கு வருடத்துக்கு இரண்டு திறன் சோதனைகள் உண்டு. மெடிக்கல் தனி. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியை (டைப் ரேட்டிங்) புதுப்பிக்க சிமுலேட்டர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பணி மூப்பு வரிசை வைத்திருக்கும் நிறுவனங்களில், திரும்பி வருபவர் கடைசி ஆளாகத்தான் நிற்பார். வேண்டாம் என்று ஓடிவந்த அதே இரவு ரோஸ்டர் முதலில் அவர் தலையில்தான் விழும். வேலையோடு வந்த காப்பீடு வேலையோடு போகும். இதையெல்லாம் ராஜினாமாவுக்கு முன்பு கணக்கில் எடுங்கள். சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா, பாதி ரோஸ்டர் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரவில் வீடு திரும்பும் குறுந்தூரப் பறப்பு, பயிற்சியாளர் பணி, சிமுலேட்டர் பணி, பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும் வேலைகள் என நடுவில் எவ்வளவோ இருக்கிறது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

இப்போது ஒரு கெஞ்சல். படிவத்தில் "தூக்கமின்மை உண்டா?", "மனச்சோர்வு உண்டா?" என்ற கேள்விகளுக்கு நீங்கள் "இல்லை" என்று போடும் வேகம் எனக்குத் தெரியும். படிக்காமலே போடுகிறீர்கள். உண்மையைச் சொன்னால் நான் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று பயம். அந்த பயத்தில் மருத்துவரை விட்டு ஓடி, கடைசியில் வேலையை விட்டே ஓடுகிறீர்கள். பழைய காலம் போய்விட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2010-லேயே, நான்கு மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடும் விமானிகள் நிபந்தனைகளோடு பறக்க வழி செய்தது. 2015-ல் மனநலச் சிக்கலை மறைத்திருந்த ஒரு துணை விமானி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதி 150 பேர் இறந்த பிறகு, ஐரோப்பிய விதிகள் விமானிகளுக்குச் சக விமானிகளின் ஆதரவுத் திட்டத்தைக் கட்டாயமாக்கின. சில மாதம் தரையில் நிற்க வேண்டி வரலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என்னிடம் சொல்லிவிட்டு சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி சீருடை போட்டார்கள். சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் வருகிறார்கள். ஒரு கேப்டன், வயது 61. சர்வதேசப் பயணிகள் விமானத்தில் இரண்டு விமானிகளோடு பறக்க வயது வரம்பு 65. 2006-ல் அது உயர்த்தப்பட்டதிலிருந்து, "இன்னும் நாலு வருஷம் இருக்கே" என்பது பலருக்கு மந்திரமாகிவிட்டது. இவரும் ஒவ்வொரு மெடிக்கலுக்கும் "அடுத்த வருஷம் விட்டுடுவேன் டாக்டர், வீடெல்லாம் ரெடி" என்பார். கடைசி முறை மனைவியும் வந்தார். இசிஜி தாளைப் பார்த்தேன். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. இனி பறக்கக் கூடாது என்று அன்றே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து என் மேசை மேல் வைத்தார். "ஆறு வருஷமா இது என் பையிலேயே இருக்கு டாக்டர். ஒரு ராத்திரி கூட அங்க சேர்ந்து தங்கினதில்ல." வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட முடிவை ஒரு காகிதத் துண்டு எடுத்துவிட்டது. போக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே போங்கள்.

தெளிவில்லாதவர்களுக்கு நான் சொல்வது இது. மூன்று வாரம் விடுப்பு எடுத்து, இரவில் மட்டும் தூங்குங்கள். தினமும் எழுந்த நேரத்தையும் படுத்த நேரத்தையும் எழுதுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குப் பிறகும் அந்த வீடு வேண்டும் என்று தோன்றினால், அந்த ஊருக்கு அதன் மிக மோசமான பருவத்தில் போங்கள். புழுக்கமும் மழையும் கொசுவும் இருக்கும்போது, வாடகைக்கு, இரண்டு மாதம். துணைவரும் பிள்ளைகளும் கூட வர வேண்டும். அவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

38 வயதுக்காரர் மூன்று வாரம் கழித்து வந்தார். முதல் ஒன்பது நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டதாக மனைவி எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. மறுபடி கூண்டுக்குள் உட்கார வைத்தோம். மெல்லிய ஒலிக்கும் பொத்தான் அழுந்தியது. இரண்டு காதும் கச்சிதம். "லெட்டர் என்ன ஆச்சு?" என்றேன். "இருக்கு டாக்டர், இன்னும் அனுப்பலை. பாதி ரோஸ்டர் கேட்டிருக்கேன். அந்த வீட்டை மழைக்காலத்துக்கு வாடகைக்குப் பேசியிருக்கோம்." மெடிக்கல் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இந்த முறை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.