பேட்ஜில் பதியாத டோஸ்

மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றும் எனக்கு, பயிற்சி வகுப்புகளின் முடிவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த வேலை பார்ப்பதால் எங்களுக்குக் கேன்சர் வருமா, சார்?” எக்ஸ்-ரே டெக்னீஷியன், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடம்) செவிலியர், சி-ஆர்ம் (அறுவையின்போது படம் காட்டும் எக்ஸ்-ரே கருவி) பக்கத்தில் நாள் முழுதும் நிற்கும் அறுவை அரங்க உதவியாளர் என்று யார் கேட்டாலும், “வராது, பயப்படாதீர்கள்” என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அது நேர்மையான விடை ஆகாது. வாய்ப்பு மிகச் சிறியது. இருந்தாலும் பூஜ்யம் அல்ல. உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு, அதாவது டோஸ், கூடக்கூட அதுவும் கூடும் என்பதே இன்றைய அறிவியல் தரும் விடை.

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுசக்தித் துறையில் வேலை பார்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ‘இன்வொர்க்ஸ்’ ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. ஒரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) டோஸுக்கு, ரத்தப் புற்றுநோய் தவிர்த்த கட்டி வகைப் புற்றுநோய்களால் இறக்கும் வீதம் 52 சதவீதம் கூடுகிறது என்று அது கணக்கிட்டது. ஒரு கிரே என்பது எக்ஸ்-கதிரைப் பொறுத்தவரை, பாதுகாப்புக் கணக்குகளில் பயன்படும் அலகில் 1,000 மில்லிசீவர்ட். எங்கள் மருத்துவமனைகளில் யாரும் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் அதை நெருங்குவதில்லை. ஆனாலும் இந்த ஆய்வை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. அதற்கு முன்புவரை நமது பாதுகாப்புக் கணக்குகள் பெரும்பாலும் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் கணப்பொழுதில் கதிர்வீச்சு வாங்கியவர்களை வைத்தே போடப்பட்டன. சிறிது சிறிதாக வாங்கினால் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதனால் ஆபத்து குறையும் என்று பலர் நம்பினார்கள். டோஸை அளக்கும் பேட்ஜ் அணிந்து ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக டோஸ் வாங்கியவர்களிடம் அந்தச் சலுகை தென்படவில்லை.

இங்கே சிலர் கேரளத்துக் கருநாகப்பள்ளியைச் சொல்வார்கள். இயற்கையாகவே கதிர்வீச்சு உமிழும் மோனசைட் மணல் நிறைந்த அந்தக் கடற்கரையில் ஏறத்தாழ 70,000 பேரைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, கூடுதல் புற்றுநோயைக் காணவில்லை என்பது உண்மைதான். அதை நான் மறுப்பதில்லை. இருந்தாலும், ஆளாளுக்குத் தனித்தனியே அளந்து பதிந்த டோஸை வைத்து, அதைவிடப் பெரிய கூட்டத்தை அதைவிட நீண்ட காலம் கவனித்த ஆய்வு ஒன்று எச்சரிக்கும்போது, தொழிலிடத்தில் அந்த எச்சரிக்கைப் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, அடுத்தடுத்த ஐந்தாண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒருவர் ஆண்டுக்கு 2 மில்லிசீவர்ட் வீதம் 30 ஆண்டுகள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 60. வயது வந்த பணியாளருக்கு 1,000 மில்லிசீவர்ட்டுக்குக் கூடுதல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் என்ற சர்வதேசக் கணக்கின்படி, இப்படிப்பட்ட 1,000 பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்த வேலையால் புற்றுநோய் வரக்கூடும். வேலைக்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பே இல்லாத இந்தியர்களிலும் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்பதால், அதே 1,000 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அது எப்படியும் வரும். அந்த நூற்றுப் பத்துப் பேருக்குள் இந்த இரண்டு மூன்று பேரும் கலந்துவிடுவார்கள். கட்டியை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும், இது கதிர்வீச்சால் வந்தது, இது புகையிலையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அதில் முத்திரை எதுவும் இருக்காது. அவர் எவ்வளவு டோஸ் வாங்கினார் என்ற பதிவு மட்டுமே சாட்சி. அந்தப் பதிவுதான் நம் ஊரில் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

வரலாறு இதில் ஒரு நம்பிக்கையையும் தருகிறது. பிரிட்டனின் கதிரியல் மருத்துவர்களை 1897 முதல் 1997 வரை நூறாண்டுக் காலத்துக்கு ஆராய்ந்தபோது, 1920-க்கு முன்பு தொழிலுக்கு வந்தவர்கள் மற்ற மருத்துவர்களைவிட 75 சதவீதம் அதிகமாகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். 1954-க்குப் பின் வந்தவர்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் 1921-இல் அங்கே முதல் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஈயத் தடுப்பும், தள்ளி நின்று இயக்கும் பழக்கமும் வேரூன்றின. அமெரிக்க எக்ஸ்-ரே டெக்னீஷியன்களிடம் நடந்த ஆய்வு இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டியது: படம் எடுக்கும்போது நோயாளியை 50 முறைக்கு மேல் கையால் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம் ரத்தப் புற்றுநோய் இரண்டரை மடங்கு அளவுக்குக் கூடியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம் வார்டு உதவியாளர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். அழுகிற குழந்தையை எக்ஸ்-ரே மேசையில் அமுக்கிப் பிடிக்க, ஐசியுவில் மொபைல் எக்ஸ்-ரே எடுக்கும்போது நோயாளியைத் தூக்கிப் பிடிக்க, “அண்ணே, கொஞ்சம் பிடிங்க” என்று கூப்பிடப்படுபவர்கள் அவர்கள்தாம். டெக்னீஷியனிடம் பேட்ஜ் இருக்கும், இவர்களிடம் இருக்காது. விதிப்படி பணியாளர் யாரையும் வழக்கமாக இப்படிப் பிடிக்க வைக்கக் கூடாது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பிணி அல்லாத உறவினர் ஒருவர் லெட் ஏப்ரான் (ஈயம் வைத்த பாதுகாப்பு மேலங்கி) அணிந்து பிடிக்கலாம்.

கேத் லேபில் டோஸ் எங்கிருந்து வருகிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. எக்ஸ்-ரே குழாயிலிருந்து நேராக வருவதைவிட, நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான் சுற்றி நிற்பவர்களைத் தாக்குகிறது. ஆகவே குழாய் மேசைக்குக் கீழே இருக்கும்படி வைத்தால் மருத்துவரின் தலைக்கும் கண்ணுக்கும் வரும் சிதறல் குறையும். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் டோஸ் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். செவிலியருக்கும் மயக்க மருத்துவருக்கும் நான் தரும் முதல் அறிவுரை, எக்ஸ்-ரேயை இயக்கும் பெடல் அழுத்தப்படும் நேரத்தில் ஓரடி பின்னால் நகருங்கள் என்பதே. ஏப்ரானை மடித்து நாற்காலியில் போடுவதால் உள்ளே ஈயத்தில் விரிசல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. அதை ஹேங்கரில் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஃப்ளோரோவில் (தொடர் எக்ஸ்-ரே காட்சிக் கருவியில்) வைத்துப் பார்க்க வேண்டும். பெண் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பெரிய அளவு ஏப்ரானை அணிந்தால் கைத்துளை அகன்று, மார்பின் பக்கவாட்டுப் பகுதி திறந்தே இருக்கும். கருவுற்றதை அறிவித்தபின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் மட்டுமே; ஆகவே அறிவிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி பேட்ஜ். டிஎல்டி என்ற அளவி பொருத்திய பேட்ஜ் கதிர்வீச்சைத் தடுக்காது, அளக்க மட்டும் செய்யும் என்பதை இன்னமும் விளக்க வேண்டியிருக்கிறது. அதை ஏப்ரானுக்கு உள்ளே மார்பளவில் அணிய வேண்டும். நடைமுறையில் அது லாக்கரிலும், வெள்ளைக் கோட்டுப் பையிலும், சில சமயம் கேத் லேப் சுவரிலேயே மாட்டியும் கிடக்கிறது. அளவு கூடினால் விசாரணை வரும், வேலையை மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இதற்குக் காரணம். காலாண்டு அறிக்கையில் பூஜ்யம் வந்தால் எல்லோரும் மகிழ்கிறார்கள். ஏப்ரானுக்குள் இருக்கும் பேட்ஜில் குறைவாகப் பதிவது இயல்புதான். ஆனால் தினமும் பல ஆஞ்சியோபிளாஸ்டி செய்பவருக்கு ஆண்டு முழுதும் பூஜ்யமே வந்தால், பேட்ஜ் எங்கே இருந்தது என்று நான் கேட்பேன்.

பேட்ஜை விட்டுவிட்டு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு நிம்மதி அடைபவர்களும் உண்டு. வழக்கமான ரத்த அணு எண்ணிக்கையில் மாற்றம் தெரிவதற்குச் சில நூறு மில்லிசீவர்ட்டாவது ஒரே சமயத்தில் வாங்கியிருக்க வேண்டும். நாம் பேசுகிற சிறு டோஸை அது காட்டாது. இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய புற்றுநோயை அது முன்னறிவிக்கவும் செய்யாது.

இந்தியச் சட்டம் தொழில்வழி நோய்களின் (செய்யும் வேலையால் வரும் நோய்களின்) பட்டியலில் அயனியாக்கும் கதிர்வீச்சால் (எக்ஸ்-கதிர் போன்றவற்றால்) வரும் நோய்களையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பேட்ஜ் அணியாமல் கழித்த ஆண்டுகளைப் பற்றி எந்த ஆவணமும் பேசாது. பேட்ஜ் பெறும் ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒன்று உண்டு. மருத்துவமனை மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிக்கொண்டால், வாழ்நாள் டோஸ் இரண்டாக உடைந்துவிடும். உங்கள் எண்ணை உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையின் நகலையும் வாங்கி, பணிச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.