நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் ஆட்டிசமா?

"இவ்வளவு பேசுறானே டாக்டர், இவனுக்குப் போய் ஆட்டிசமா?" ஆஸ்பெர்கர் (பேச்சும் அறிவும் குறையாமல், மற்றவர்களோடு பழகுவதில் சிரமம் இருக்கும் ஒரு வகை ஆட்டிசம்) பண்புகள் உள்ள பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். நியாயமான சந்தேகம். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் காலத்தோடு பேசிவிடுகிறார்கள், அறிவிலும் குறைவில்லை, சிலர் பெரிய மனுஷத் தோரணையிலேயே பேசுவார்கள். அதனாலேயே பள்ளிக்கூடம் போகும் வரை யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை.

எவ்வளவு பேசுகிறான் என்பதை விடுங்கள், பேச்சு இரண்டு பக்கமும் போய்வருகிறதா என்று பாருங்கள். லிஃப்டில் ஆர்வம் உள்ள பையன் என்றால் மோட்டார், கம்பிவடம், கதவு சென்சார், எத்தனை கிலோ தாங்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்குவான். எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டாலும் கடிகாரத்தைப் பார்த்தாலும் அவனுக்கு அதில் சேதி எதுவும் இல்லை. "ஸ்கூல்ல யாரோட விளையாடுவே?" என்று கேட்டால் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

அப்புறம், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது. "எத்தனை தடவை சொல்றது?" என்று டீச்சர் கத்தினால் "மூணு தடவை மிஸ்" என்று பதில் வரும். அவன் உண்மையாகவே எண்ணியிருப்பான், வாங்குவதோ திமிர் பிடித்தவன் என்ற பெயர்.

வழக்கமான பாதை மாறினால் பதற்றம், சட்டை லேபிள் உறுத்துவது, பலூன் வெடிப்பதற்குக் காதைப் பொத்துவது, பந்து பிடிக்கத் தடுமாறுவது எல்லாம் கூடவே இருக்கலாம். இதில் ஏதோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், அது எந்தக் குழந்தையிடமும் இருக்கும்.

பெண் பிள்ளைகளைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். பக்கத்தில் இருக்கிற பெண் எப்படிச் சிரிக்கிறாள், எப்போது தலையாட்டுகிறாள் என்று பார்த்து அப்படியே செய்து பகல் முழுவதும் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு மணி நேரம் அழுவாள். பள்ளியில் "தங்கமான பொண்ணு" என்பார்கள், வீட்டில் அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தை சின்ன வயதிலிருந்து எப்படி வளர்ந்தது என்று கேட்டும், நேரில் கவனித்தும்தான் சொல்ல முடியும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல நோயறிதலுக்கான அமெரிக்கக் கையேடு) ஆஸ்பெர்கரைத் தனி நோயறிதலாக வைக்காமல் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற பொதுப் பெயருக்குள் சேர்த்துவிட்டது, அதனால் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம். குழந்தை மனநல மருத்துவரையோ வளர்ச்சிக்குறைபாட்டு நிபுணரையோ பார்க்கப் போகும்போது, மற்ற பிள்ளைகளோடு இருக்கும் ஒரு சின்ன வீடியோவும் வகுப்பாசிரியர் எழுதிக்கொடுத்த நாலு வரியும் கையில் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.