கனடாவுக்கு முதல் படி பிரதேச செயலகத்தில்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கனடா பிஆர், அதாவது நிரந்தர வதிவிட விண்ணப்பம், போடப்போகிறோம் என்று வருகிறவர்கள் என் மேசையில் முதலில் வைப்பது பிறப்புச் சான்றிதழை. அங்கேயே பலருக்குச் சிக்கல் ஆரம்பமாகிவிடுகிறது.

அண்மையில் டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். குவான்டிட்டி சர்வேயர். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி நல்ல புள்ளி எடுத்திருந்தார். சிங்களத்தில் இருந்த பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'வீரன்'. பாஸ்போர்ட்டிலோ அதே அப்பா 'வீரையா'. "ஒரு எழுத்து ரெண்டு எழுத்துதானே அக்கா, இங்கிலிஷ்ல சரியாப் போட்டுடுங்களேன்" என்றார்.

அது என்னால் முடியாது. மூலப் பத்திரத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுவதற்குத்தான் நான் சத்தியம் செய்திருக்கிறேன். அப்படி மாற்றியது பிடிபட்டால் அவருக்குத்தான் கேடு. பொய்த் தகவல் என்று கனடா தீர்மானித்தால் 5 வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் போக முடியாது.

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நம் தோட்டங்களில் பிறப்புப் பதிவு நடந்த விதம் அப்படி. வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ போய்ச் சொல்வார்கள், அது காதில் விழுந்தபடி சிங்களத்தில் ஏறிவிடும். 1948 சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிறகு, 2003இன் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே இருந்த குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட தாத்தா பாட்டிகளின் பத்திரங்களில் பெயர் ஒன்றுபோல இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்படிப் பெயர் மாறியிருந்தால், பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பழைய பாடசாலைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். சிறிய எழுத்து வித்தியாசமென்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைப்பதும் உண்டு. திருத்தம் கைக்கு வர மாதக்கணக்காகலாம். ஐஈஎல்டிஎஸ் பெறுபேறோ 2 வருடத்துக்குத்தான் செல்லும். கனடா பிஆருக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அழைப்பு வந்த பின் முழு விண்ணப்பத்தையும் போட 60 நாள்தான் கிடைக்கும். அதனால் முதலில் பத்திரம், பிறகு பரீட்சை. ஐஈஎல்டிஎஸ்ஸில் இரண்டு வகை உண்டு; இதற்கு எழுத வேண்டியது ஜெனரல் ட்ரெய்னிங்தான். அகடமிக் எழுதிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது சேவைக் கடிதம். நம் கம்பனிகள் கொடுப்பது நான்கு வரி: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார், நன்னடத்தை உள்ளவர். அது போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் கம்பனித் தாளில் கையொப்பத்தோடு வர வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் திறன் தொழிலாளர் பிரிவுக்குத் தொடர்ச்சியாக ஒரு வருடம், அதாவது 1,560 மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்ததைக் காட்டியாக வேண்டும். வேலையை விட்டு வந்தபின் இதைக் கேட்டால் எழுதித் தர ஆளிருக்காது. இப்போதே கேளுங்கள்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு விவாகப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள், சுலபமாகப் போகலாமென்று தனி ஆளாகக் காட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் மறைத்த மனைவியையோ பிள்ளையையோ பிறகு ஸ்பொன்சர் பண்ணி எடுப்பது பொதுவாக நடக்காது. ஒரு குடும்பமே இரண்டாகப் போய்விடும்.

காசு விஷயத்திலும் ஏமாற வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வைத்திருக்கும் ஏஜென்ட் வேலைக்கு ஆள் அனுப்பலாம். பிஆர் விண்ணப்பத்தைக் காசு வாங்கிக்கொண்டு கையாள அந்த உரிமம் போதாது. அதற்குக் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைலைத் திறக்கக் கனடா அரசாங்கம் ஒரு சதமும் வாங்குவதில்லை. அங்கே போய்க் குடியேறக் காட்டும் பணம் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் 6 மாதச் சராசரி மீதியையும் உங்கள் கடன்களையும் கேட்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து, ஒரு மாதம் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு எடுக்கலாமென்று யாராவது சொன்னால், நகையை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.