பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் மெயில் திறக்கவில்லையா?

கம்பத்திலோ போடியிலோ அலுவலகம், மலையேறினால் குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஏலத்தோட்டம். இரண்டு பக்கமும் ஒரே மெயில் முகவரி திறந்திருக்கும். திடீரென்று ஒருநாள் லாகின் ஆகாது. பலரும் உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். பழைய பாஸ்வேர்டோடு தோட்டத்தில் இருக்கும் போன் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஒரு சிக்கல் இரண்டாகிவிடும்.

பயனருக்கும் மெயில் சர்வருக்கும் நடுவில் எஞ்சின்எக்ஸ் (nginx) மெயில் ப்ராக்ஸி, அதாவது இணைப்பை வாங்கிப் பின்னால் அனுப்பும் இடைநிலை மென்பொருள் இருந்தால், பின்னாலிருக்கும் மெயில் சர்வர் சொல்லும் உண்மையான காரணத்தை அது பயனரிடம் காட்டாது. காரணத்தைக் காட்டும் அமைப்பு இயல்பிலேயே அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பின்சர்வரின் லாக் (பதிவுக் கோப்பு).

அங்கே இன்னொன்றும் தெரியும்: எல்லா லாகினும் ப்ராக்ஸியின் ஐபி முகவரியிலிருந்தே வந்ததாகப் பதிவாகியிருக்கும். கம்பமும் குமுளியும் அந்தச் சர்வருக்கு ஒரே இடம். பாதிக் கோளாறுகளுக்கு வேர் இதுதான்.

பின்சர்வரில் ஓடும் மெயில் மென்பொருளான டவ்காட் (Dovecot), ஒரு ஐபியிலிருந்து ஒரு பயனருக்கு மெயில் படிக்கும் 10 ஐமேப் (IMAP) இணைப்பு வரைதான் இயல்பாக அனுமதிக்கும். கம்ப்யூட்டரில் மெயில் படிக்கும் தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை திறந்துகொள்ளும். மூன்று கம்ப்யூட்டர் என்றால் 15. காலையில் முதலில் திறந்தவருக்கு மெயில் வரும், பிந்தியவருக்கு வராது. வரம்பை 30 ஆக்குங்கள். அல்லது தண்டர்பேர்டின் சர்வர் அமைப்பில் 5 என்பதை 2 ஆக்குங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்று, பத்து நிமிடத்தில் தானாகச் சரியானால், தவறான லாகின் முயற்சிகளைக் கண்டு ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேனைப் (Fail2ban) பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் அந்த ஐபிக்கு 10 நிமிடத் தடை என்பது அதன் இயல்பு அமைப்பு. பழைய பாஸ்வேர்டோடு முயலும் அந்தத் தோட்டத்துப் போன் ஒன்று போதும். தடை விழுவது ப்ராக்ஸியின் தலையில், அதாவது மொத்த நிறுவனத்தின் மீதும். பின்சர்வரில் ப்ராக்ஸி ஐபிக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, ஃபெயில்2பேனை ப்ராக்ஸி இயந்திரத்திலேயே ஓடவிடுங்கள். உண்மையான ஐபி அங்குதான் தெரியும்.

ஒருவருக்குமே திறக்கவில்லையென்றால், ப்ராக்ஸி இயந்திரத்திலிருந்து டெல்நெட் கட்டளை மூலம் பின்சர்வரின் 143-ஆம் போர்ட்டில் (குறியாக்கம் இல்லாத ஐமேப்) கையால் லாகின் செய்து பாருங்கள். குறியாக்கம் உள்ள 993-இல் சோதித்துப் பயனில்லை. எஞ்சின்எக்ஸ் பின்சர்வரோடு குறியாக்கம் இல்லாமல்தான் பேசும். பாதுகாப்பற்ற இணைப்பு என்று டவ்காட் மறுத்தால், நம்பகமான நெட்வொர்க் பட்டியலில் ப்ராக்ஸி ஐபியைச் சேர்க்க வேண்டும். இரண்டு இயந்திரமும் தனி நெட்வொர்க்கில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

பயனரின் உண்மையான ஐபி பின்சர்வர் வரை போக, எஞ்சின்எக்ஸ் 1.19.8 பதிப்பு முதல் ப்ராக்ஸி புரோட்டோகால் என்ற வசதி உண்டு. எஞ்சின்எக்ஸ், டவ்காட் இரண்டில் ஒன்றில் மட்டும் இயக்கினால் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். டவ்காட்டில் அதற்கென்று தனிப் போர்ட் திறந்து, சோதித்த பிறகே மாற்றுங்கள்.